இரத்தம் சொல்லும் சாட்சி

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



"குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. இரவிலே செய்த சத்தியம் காலையிலே காணாமற் போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் பேச்சு விடிந்தால் போனாலும், குடித்தது போவதில்லை. அது இரத்தத்திலே எழுதப்பட்டுக் கிடக்கிறது. குடியை விட்ட கதையும் அதே இரத்தத்திலேதான் எழுதப்படுகிறது. அந்த எழுத்தை எவ்வாறு வாசிப்பது, வாசித்து என்ன செய்வது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இந்தப் பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. கோயில் முன்றிலிலே மதுவை விடுவதாகச் சத்தியம் செய்தோரின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதி, ஒரு மாதம் கழித்து அவர்களுடைய இரத்தத்தைச் சோதிப்பித்து, முடிவைச் சங்கக் கூட்டத்திலே வாசிக்கவேண்டும் என்று நமது வாலிப அங்கத்தவர் சிலர் ஒரு யோசனை கொண்டுவந்தார்கள். அதை முதலிற் கேட்டபோது நமக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. பொய்யனைக் கண்டுபிடிக்க விஞ்ஞானம் ஒரு வழி தந்திருக்கும்போது அதை ஏன் விடவேண்டும் என்று எண்ணினோம். பின்னர் வைத்தியர்களிடம் விசாரித்தும், படித்தும் பார்த்தபோது நம் மனம் மாறியது. மாறியது ஏன் என்பதைச் சபையோர் முன் வைக்கிறோம். முடிவு செய்யவேண்டியவர்கள் நீங்கள்.

நாம் வாழும் இடத்தை முதலில் நினைப்போம். நமது கலஹாவுக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்திலேதான் 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டு, இந்நாட்டின் தேயிலைத் தொழிலுக்கு அடிகோலினார். அன்றுமுதல் இம்மலைகளிலே உழைத்த நம் மக்களின் சம்பளத்தில் ஒரு பகுதி தவறணைக்கும் கசிப்புக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது மலைநாட்டுக்கும் வந்து, தோட்டத் தொழிலாளரைப் பார்த்து மதுவை விட்டுவிடுங்கள் என்று மன்றாடினார். பத்தாண்டுகள் கழித்து, 1937இல், ராஜாஜி அவர்கள் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கைக் கொண்டுவந்தார். நமது நாட்டிலும் 2006ஆம் ஆண்டின் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பதைத் தடை செய்திருக்கிறது. உபதேசமும் சட்டமும் இவ்வாறு பல வந்தும் குடி இன்னும் நம்மை விட்டபாடில்லை. ஏனெனில், குடி ஒரு நிலைக்கு மேல் வழக்கம் என்ற எல்லையைக் கடந்து, உடலைப் பிடித்த நோயாகிவிடுகிறது. நோய்க்கு உபதேசம் மட்டும் மருந்தாகாது.

உடலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சாராயத்தில் நூற்றுக்கு 35 பங்கு அற்ககோல் என்று கொண்டால், 180 மில்லிலீற்றர் கொண்ட ஒரு கால் போத்தலில் ஏறக்குறைய 50 கிராம் அற்ககோல் இருக்கிறது. மனிதனுடைய ஈரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் அதை எரிக்கவல்லது. ஆகவே இரவு எட்டு மணிக்குக் கால் போத்தல் குடித்தவனுடைய இரத்தத்திலே விடியுமுன் அற்ககோல் அற்றுப்போகும். வாயிலே நாற்றமும் குறைந்துவிடும். "நான் குடிக்கவே இல்லை" என்று பிரட்டுக்களத்திலே அவன் சொன்னால் மறுக்க வழியில்லை. ஆனால் அற்ககோல் போனாலும் அது வந்துபோன தடம் போகாது. அந்தத் தடங்களையே வைத்தியர்கள் தேடுகிறார்கள்.

முதலாவது தடம் ஜி.ஜி.ரி. என்னும் ஒரு நொதியம். இது ஈரலிலே மிகுதியாக உள்ளது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரிடம் இது இரத்தத்திலே பெருகி நிற்கும். ஆண்களுக்கு ஏறத்தாழ 50, 60 அலகு வரை சாதாரணம் என்று கொள்வர். குடிப்பவரிடம் இது பல மடங்காக ஏறக்கூடும். குடியை நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

இரண்டாவது தடம் ஈரலின் வேறு இரு நொதியங்கள், ஏ.எஸ்.ரி. என்றும் ஏ.எல்.ரி. என்றும் சொல்வர். குடியால் ஈரல் நொந்தவரிடம் பெரும்பாலும் முன்னது பின்னதைப்போல் இரு மடங்குக்கு மேல் நிற்கும்.

மூன்றாவது தடம் செங்குழியங்களின் பருமன். எம்.சி.வி. என்று இரத்தப் பரிசோதனைத் தாளிலே எழுதியிருப்பார்கள். 80 முதல் 100 வரை சாதாரணம். நெடுங்காலம் குடிப்பவருடைய செங்குழியங்கள் பருத்துப் பிறக்கின்றன. எண் 100ஐத் தாண்டுகிறது. ஒரு செங்குழியத்தின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். பருத்துப் பிறந்த குழியம் மறுபடி மெலிவதில்லை. அது தன் ஆயுள் முடிந்து போய், அதன் இடத்திலே நல்ல குழியம் பிறக்கவேண்டும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையை நினைத்துப் பாருங்கள். பழைய இலை போய்ப் புதிய தளிர் வந்து, மறுபடி கொழுந்தெடுக்க மாதக்கணக்கிலே காத்திருக்கிறோம் அல்லவா? இரத்தமும் அப்படியே.

நான்காவது தடம் சி.டி.ரி. எனப்படுவது. இரத்தத்திலே இரும்புச் சத்தைச் சுமந்து செல்லும் ஒரு புரதம் உண்டு. அதனோடு சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 80 கிராம் வரை அற்ககோல், அஃதாவது நாம் கணக்கிட்ட கால் போத்தலும் அதற்கு மேலும், இரண்டு வாரமளவில் தொடர்ந்து குடித்தால், அச்சங்கிலிகள் குறைந்த புரதம் பெருகுகிறது. 1970களிலே சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் இதைக் கண்டறிந்தனர். குடியை நிறுத்தினால் இரண்டு முதல் நான்கு வாரத்திலே இது பழைய நிலைக்கு வரும்.

ஐந்தாவது தடம் பிற்காலத்தது. பெத் என்று சுருக்கமாகச் சொல்வர். இரத்தத்தில் அற்ககோல் இருந்தாலன்றி இந்தப் பொருள் உண்டாவதில்லை. செங்குழியத்தின் தோலிலே இது தங்கி, மிகுதியாகக் குடித்தவரிடம் மூன்று நான்கு வாரங்கள் வரை காட்டிக்கொடுக்கும். கடைசியிற் சொன்ன இவ்விரண்டும் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் செய்யப்படுவன அல்ல. முன்னர்ச் சொன்ன மூன்றும் சாதாரணப் பரிசோதனைகளே.

ஆக, இரத்தம் என்பது தோட்டத்துச் செக்ரோலைப் போன்றது. யார் வந்தார், யார் வரவில்லை என்பதைக் கணக்கப்பிள்ளை எழுதுவதுபோல, குடித்த நாளையும் குடியாத நாளையும் அது எழுதிக்கொண்டே போகிறது.

இனி நாம் அறிந்த ஒரு விரதத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஐயப்பனுக்கு மாலையணிந்து ஒரு மண்டலம், 48 நாள், மதுவைத் தொடாமல் இருப்போர் நம் ஊர்களிலே உண்டு. அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிச் சில நாள் விலகியிருப்போரும் உண்டு. ஒருவருக்கு ஜி.ஜி.ரி. 400 அலகு என்று உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதாகக் கணக்கிட்டால், 21ஆம் நாள் 200. 42ஆம் நாள் 100. மண்டலம் முடியும் 48ஆம் நாள் ஏறக்குறைய 80. எத்தனை பெரிய இறக்கம் பாருங்கள்! அந்த மனிதருக்குப் பசியெடுக்கிறது, நித்திரை வருகிறது, ஈரலிலே படிந்த கொழுப்புக் கரைகிறது. ஆனால் செங்குழியத்தின் கணக்கிலே 120இல் 48 நாள்தான் ஆகியிருக்கிறது. உடல் பாதி வழியைக்கூட இன்னும் கடக்கவில்லை. அந்த இடத்திலே மாலையைக் கழற்றும்போது விரதத்தையும் கழற்றிவிடுகிறோமே, அதுதான் நம் துயரம். மண்டலம் முழுவதும் ஏறிய மலையைச் சம்பள நாள் மாலையிலே இறங்கிவிடுகிறோம். இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. 48 நாள் இருக்க முடிந்தவருக்கு 120 நாளும் இருக்க முடியும் என்பதற்காகவே சொல்கிறோம்.

நிற்க. இரத்தம் இவ்வளவு தெளிவாகச் சொல்லுமானால், முடிவைக் கூட்டத்திலே வாசித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். இரத்தம் பொய் சொல்வதில்லை. ஆனால் அதை வாசிக்கும் நாம் தவறலாம். ஜி.ஜி.ரி. குடியினால் மட்டும் ஏறுவதன்று. நீரிழிவு, உடற்பருமன், வேறு ஈரல் நோய்கள், வலிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் ஏறும். எம்.சி.வி. போலிக் அமிலமும் விற்றமின் பி 12உம் குறைந்தாலும் ஏறும். நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர் குடியை விட்டு நெடுநாளாகியும் அந்த எண் இறங்கவில்லை. பெற்ற பிள்ளைகளே அவரைப் பொய்யர் என்றார்கள். பின்னர் வைத்தியர் பார்த்து, காரணம் நீரிழிவும் ஈரற்கொழுப்பும் என்றார். பிள்ளைகள் மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் இடையிலே அந்த மனிதர் யாருமற்று அழுத இரவுகளுக்கு யார் ஈடு சொல்வது? அந்த எண்ணைச் சங்கக் கூட்டத்திலே வாசித்திருந்தால் அவர் உயிரோடிருந்திருப்பாரா என்பதே ஐயம்.

மறுபக்கமும் உண்டு. வாலிப அன்பர்கள் இதைக் கவனித்துக் கேட்கவேண்டும். இளவயதினர் மிகுதியாகக் குடித்தாலும் ஜி.ஜி.ரி. பல வேளைகளிலே ஏறாமலே இருக்கும். எண் நன்றாயிருக்கிறது என்று மகிழ்ந்து தொடர்ந்து குடிப்பவன், பாலம் இன்னும் இடியவில்லை என்று வெள்ளத்திலே லொறியை விடுபவனுக்குச் சமன். ஆகவே ஒரே ஒரு தாளை வைத்து ஒருவனைக் குற்றவாளி என்றும், மற்றவனை உத்தமன் என்றும் நாம் தீர்ப்புச் சொன்னால் இரண்டுமே பிழையாகலாம். பல எண்களையும் சேர்த்து, ஆளையும் பார்த்து, அவர் சொல்வதையும் கேட்டுச் சொல்லவேண்டியவர் வைத்தியர்.

அப்படியானால் இந்தச் சோதனையால் நமக்கு என்ன பயன்? பெரிய பயன் உண்டு. அதற்கு உலகறிந்த ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. சுவீடன் நாட்டின் மால்மோ நகரத்திலே, ஜி.ஜி.ரி. ஏறியிருந்த நடுவயது ஆண்களை வைத்தியர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குக் குடியைக் குறைக்கும்படி கடிதம் மட்டும் அனுப்பினார்கள். மற்றப் பகுதியினரைத் தாதி ஒருவர் மாதந்தோறும் சந்தித்து, இரத்தத்தைச் சோதித்து, எண் எவ்வளவு இறங்கியது என்று அவரவருக்கே காட்டினார். வைத்தியரும் இடையிடையே பார்த்துப் பேசினார். 1983ஆம் ஆண்டிலே வெளியான அதன் முடிவு என்ன? எண்ணைத் தன் கண்ணாலே பார்த்து, பேச ஓர் ஆளும் கிடைத்தவர்கள், நோயால் வேலைக்குப் போகாத நாட்களும் ஆஸ்பத்திரியிலே படுத்த நாட்களும் மற்றவர்களிலும் குறைவாயின. கவனியுங்கள்: அங்கே யாருடைய எண்ணையும் சபையிலே வாசிக்கவில்லை, யாருடைய பெயரையும் பலகையிலே எழுதவில்லை. எண் அவனுடையது, அவனுக்கே காட்டப்பட்டது, கூட ஒரு மனிதமுகம் இருந்தது. வேலை செய்தது அதுதான்.

குடியை விட்டவனுக்குப் பெரிய வேதனை எது? கை நடுக்கம் சில நாளிலே தீரும். தன்னை ஒருவரும் நம்பவில்லை என்பதே தீராத வேதனை. மனைவி முகர்ந்து பார்க்கிறாள், தாய் பெருமூச்சு விடுகிறாள், கடைக்காரர் சிரிக்கிறார். பலமுறை ஏமாந்தவர்கள் அவர்கள், அவர்களிலும் குற்றமில்லை. அவனுக்கோ ஒரு சாட்சி வேண்டும். 400 இருந்த எண் 200 ஆயிற்று என்ற தாளை அவன் தன் கையாலே மனைவியிடம் கொடுக்கும்போது, அது ஆயிரம் சத்தியத்துக்குச் சமன். வேவுகாரன் கையிலே அதே தாள் இருந்தால் அது சவுக்கு. தாள் ஒன்றே, யார் கையில் இருக்கிறது என்பதிலேதான் வேறுபாடு.

இன்னுமொரு முக்கியமான செய்தி. இதைத் தாய்மார்கள் மறக்கவேண்டாம். நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்தாகலாம். நிறுத்திய ஒரு நாளுக்குள்ளே நடுக்கமும் வியர்வையும் நித்திரையின்மையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள்ளே வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் தொடங்கி நான்காம் நாள் வரையிலே, இல்லாததைக் காணுதலும், இடம் ஆள் தெரியாமற் பிதற்றுதலுமாகிய சன்னி தோன்றலாம். அதைப் பேய் என்று எண்ணி உடுக்கடிக்க ஆளழைத்தால் உயிரே போய்விடக்கூடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். தயமின் என்னும் விற்றமின் பி 1 குறைவதனால் மூளை பழுதாவதும் உண்டு; அதற்கும் வைத்தியர் ஊசி போடுவர். ஆகையினாலே, கடுமையாகக் குடிப்பவரைக் கோயிலிலே சத்தியம் வாங்கி அறையிலே பூட்டுவது பக்தியன்று, அறியாமை. சத்தியம் செய்யும் நாளுக்கு முன்னரே வைத்தியரைப் பார்த்துவிடவேண்டும்.

வைத்தியர் மேற்பார்வையிலே நிறுத்தியவருக்கு என்ன நம்பிக்கை சொல்லலாம்? முதல் வாரத்திலே நடுக்கம் அடங்கும். குடியால் குறைந்திருந்த இரத்தச் சிறுதட்டுகள் ஏறத் தொடங்கும். இரண்டு முதல் ஆறு வாரத்திலே ஈரலின் நொதியங்கள் இறங்கும், ஈரற்கொழுப்பும் குறையும். நான்கு மாதமளவிலே செங்குழியங்கள் பெரும்பாலும் புதியனவாகிவிடும். ஈரல் வடுப்பட்டு இறுகிப்போனவருக்கு மட்டும் அது முழுவதும் பழைய நிலைக்கு வராது. ஆயினும் அவரும் குடியை நிறுத்தினால் ஆயுள் நீளும். நமது உடல் இத்தனை மன்னிப்பை உள்ளே வைத்திருக்கிறது. உடலே மன்னிக்கும்போது ஊர் மன்னிக்கலாகாதா?

இடையிலே ஒருவர் தவறி மறுபடி குடித்தாலும் எண் ஏறத்தான் செய்யும். அதைக் கண்டு "இவன் திருந்தமாட்டான்" என்று கைவிடவேண்டாம். நீரிழிவுக்காரர் ஒரு நாள் இனிப்புத் தின்றால் வைத்தியர் அவரை விரட்டுவதில்லையே! சென்னையிலே குடிப்பழக்கத்தால் தம் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், அத்துயரோடு வீட்டிலே முடங்கிக் கிடக்காமல், 1980ஆம் ஆண்டிலே அவர் பெயரால் ஒரு சிகிச்சை நிலையத்தை நிறுவினார். அங்கே நோயாளிக்கு மட்டுமன்றி அவர் குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்கப்படுகிறது. குடி ஒருவரைப் பிடித்தாலும் வாடுவது வீடு முழுவதும் என்பதை உணர்ந்த ஏற்பாடு அது.

ஆகவே, அன்பர்களே, பதிவேட்டு யோசனையை மீளப் பெற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறோம். அதற்குப் பதிலாக மூன்று காரியங்களை நமது சங்கம் ஏற்கட்டும். குடியை விட விரும்புகிறவர் யாராயினும், கண்டியிலோ பேராதனையிலோ உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளிலே, நம்மில் ஒருவர் அவரோடு பஸ்ஸிலே போய் வருவோம். அவருடைய பரிசோதனைத் தாளை அவர் காட்டினாலன்றிக் கேட்கமாட்டோம். காட்டினால் அவரோடு சேர்ந்து மகிழ்வோம். சம்பள நாள் மாலையிலே அவரைத் தனியே விடாமல், சங்க மண்டபத்திலே பஜனையோ, கரம் விளையாட்டோ, வெறும் பேச்சோ வைத்து, தவறணை மூடும் நேரம் வரையிலே கூட இருப்போம்.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். குடியின் கேட்டை அதிலே படித்து அறிந்திருக்கிறோம். குடியை விட்டவனின் கையைப் பிடித்துக்கொள்வதை நாம் இன்னும் பழகவேண்டியிருக்கிறது. இரத்தம் தன் சாட்சியைத் தவறாமல் சொல்லும். 120 நாள் அவன் பக்கத்திலே இருக்கவேண்டியவர்கள் நாம். அந்த 120 நாளை இன்றே எண்ணத் தொடங்குவோமாக.